ஸ்வீட் பாக்சுக்கு எடை போடாதீங்க! தீபாவளி சீர் தட்டு, பரிசு பொட்டலம், இலை விருந்து: வீட்டுக்கு உதவும் தகவல்கள்

சென்னை,

தீபாவளிக்கு போனஸ் கைக்கு வந்ததும் முதலில் துணி, அடுத்து பட்டாசு, கடைசியாக ஸ்வீட் பாக்ஸ். பெரும்பாலான வீடுகளில் செலவு கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, ஹவுஸ் ஓனருக்கு ஒன்று, அக்கம் பக்கத்துக்கு நாலு, வேலை பார்க்கும் இடத்தில் மேஸ்திரிக்கு ஒன்று என்று எழுத ஆரம்பித்தால் பட்டியல் பத்தை தாண்டிவிடும்.

இதில் இனிப்புக்கு போகும் காசு எவ்வளவு, அட்டைக்கும் ஜிகினாவுக்கும் போகும் காசு எவ்வளவு என்று யாரும் பிரித்து பார்ப்பதில்லை. பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும்.

பெட்டியும் சேர்ந்து எடை

காலி பெட்டியை தராசில் வைத்து, அதில் இனிப்பை அடுக்கி, மொத்தமாக ஒரு கிலோ காட்டியதும் மூடி போட்டு கட்டிவிடுவது சில கடைகளில் வழக்கம். இது சட்டப்படி தப்பு. எடை என்றால் உள்ளே இருக்கும் பொருளின் எடை மட்டுமே. பெட்டி, கவர் எதையும் அதில் சேர்க்க கூடாது.

ஒரு கணக்கு போட்டு பார்க்கலாம். பெட்டியின் எடை 80 கிராம், மைசூர்பாகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அட்டைக்கு மட்டும் 48 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். பத்து பெட்டி வாங்கினால் 480 ரூபாய். வீட்டு பிள்ளைக்கு ஒரு சட்டையே எடுத்துவிடலாம்.

இதற்கு சண்டை எல்லாம் போட வேண்டியதில்லை. "அண்ணே, காலி பாக்ஸை வச்சு ஜீரோ பண்ணிட்டு போடுங்க" என்று கேட்டால் போதும். எலக்ட்ரானிக் தராசில் அதற்கென்றே பட்டன் இருக்கிறது. மறுத்தால், எடையளவு சட்டத்தை கவனிக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தாலும் புகாரை பதிவு செய்வார்கள். பில் இல்லாமல் புகார் நிற்காது. எனவே பில்லை கேட்டு வாங்குங்கள்.

ஏற்கனவே பேக் செய்து அடுக்கி வைத்திருக்கும் கிப்ட் பாக்ஸ்களில் வேறு ஒரு ஏமாற்று. பெட்டி பெரிதாக இருக்கும், உள்ளே பாதி பள்ளத்தை அட்டையே அடைத்திருக்கும். வெளியே அச்சிட்டிருக்கும் நிகர எடையையும், 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும்.

எத்தனை நாள் தாங்கும்?

தட்டில் வைத்து சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் "எந்த தேதிக்குள் சாப்பிட வேண்டும்" என்று எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1-ந்தேதி ஒரு விதி அமலுக்கு வந்தது. பாலில் செய்த ரசகுல்லா, ரசமலாய் வகை ஓரிரு நாள்தான். கோவா இனிப்புகள் நாலு நாள் வரை. நெய், முந்திரி சேர்த்த உலர் இனிப்புகள் ஒரு வாரம் வரை தாங்கும்.

ஊருக்கு பஸ்சில் கொண்டு போகிறவர்கள் பால் இனிப்பை வாங்கிவிட்டு, அது புளித்துப்போய் சம்பந்தி வீட்டில் மூக்கை பொத்துவதை விட, அதிரசம், முறுக்கு, கடலை மிட்டாய் கொண்டு போவது கவுரவம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருள்ள பண்டம், நாள்பட தாங்கும், விலையும் அதிகம் இல்லை.

டப்பாவே பரிசு

விவரமான இல்லத்தரசிகள் செய்வது இது. அட்டை பெட்டியில் இனிப்பு வாங்காமல், எவர்சில்வர் டப்பாவோ, சின்ன தூக்குவாளியோ வாங்கி அதில் வீட்டு பலகாரத்தை நிரப்பி கொடுத்துவிடுகிறார்கள். பலகாரம் நாலு நாளில் தீர்ந்துவிடும், டப்பா பத்து வருஷம் அடுப்படியில் இருக்கும். பெயர் வெட்டி கொடுத்தால் இன்னும் விசேஷம். பாத்திர கடையிலேயே வெட்டி தருவார்கள்.

செட்டிநாட்டில் ஆச்சிமார்கள் கல்யாணத்தில் சாமான் வைத்து கொடுக்கும் பனை ஓலை கொட்டான் இன்னொரு நல்ல யோசனை. சாயம் போட்ட ஓலையில் பின்னியது. கையோடு வெற்றிலை பாக்கு, பழம் வைத்து கொடுக்கலாம். இதுவும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்தான். பாயும் நல்ல பரிசு, அதிலும் பத்தமடை பாய் என்றால் வாங்கியவர்கள் எடுத்து பத்திரப்படுத்துவார்கள்.

கையில் காசு குறைவா? நாட்டு மருந்து கடையில் தீபாவளி மருந்து சாமான் வாங்கி, வீட்டில் லேகியம் கிளறி, சின்ன கண்ணாடி பாட்டிலில் போட்டு கொடுங்கள். பண்டிகை அன்று எண்ணெய் பலகாரம், கறி என்று வெளுத்து கட்டியவர்கள் மறுநாள் உங்களைத்தான் நினைப்பார்கள்.

துணி கொடுப்பதாக இருந்தால் கோ-ஆப்டெக்சில் பண்டிகை தள்ளுபடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுக்கலாம். கொடுக்கும் முன் துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவ மறந்துவிடாதீர்கள். பெரியவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எதில் சுற்றுவது?

இனிப்பு பெட்டி மேல் பளபளவென்று சுற்றும் பிளாஸ்டிக் தாள் நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டது. அழைப்பிதழ் மேல் சுற்றும் தாளும் அதே பட்டியலில்தான் வருகிறது. செய்தித்தாளில் பலகாரம் கட்டுவதும் கூடாது. அச்சு மை எண்ணெயில் ஊறி பண்டத்தில் இறங்கும். பேப்பரை படித்துவிட்டு பழைய பேப்பர் கடைக்கு போடுங்கள், வடையை சுற்றாதீர்கள்.

கலர் தாள் வாங்க சென்னைவாசிகளுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கவே இருக்கிறது. கல்யாண பத்திரிகைக்கு பேர் போன தெரு, பேப்பர் கடைகள் வரிசையாக இருக்கும். கடையில் தாளை கையில் கசக்கி பாருங்கள். கசங்கியது அப்படியே நின்றால் காகிதம். துள்ளி விரிந்தால் பிளாஸ்டிக் பூச்சு, பழைய பேப்பர் கடைக்காரர் கூட எடுக்க மாட்டார்.

அளவு தெரியாமல் வெட்டித்தான் பாதி தாள் வீணாகிறது. பெட்டி 10 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 2 அங்குல உயரம் என்றால், அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். 18 வரும். மேலே ஒட்ட ஒரு அங்குலம் சேர்த்தால் 19. மறுபக்கம், 10 அங்குல நீளத்தோடு இரண்டு முனை மடிப்புக்கும் ஒன்றரை ஒன்றரை சேர்த்தால் 13. ஆக 19-க்கு 13. 20-க்கு 28 அங்குல தாள் ஒன்றில் இரண்டு பெட்டி சுற்றிவிடலாம். பத்து பெட்டிக்கு ஐந்தே தாள்.

டப்பாவாக இருந்தால் தாளே வேண்டாம். சதுரமான புது துண்டை விரித்து, நடுவில் டப்பாவை வைத்து, எதிர் எதிர் முனைகளை கட்டுச்சோறு மூட்டை மாதிரி முடிச்சு போட்டால் அழகாக நிற்கும். துண்டும் அவர்களுக்கே. மஞ்சப்பையில் போட்டு கொடுப்பதும் இப்போது குறைச்சல் இல்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தையே தொடங்கியது.

தலை தீபாவளி சீர் தட்டுக்கு 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் தட்டு வைப்பார்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம், பூ முதலில். துணியும் இனிப்பும் அதற்கு அடுத்து. மேலே போடும் வலை துணியை வாடகைக்கும் எடுக்கலாம்.

மாப்பிள்ளைக்கு இலை போடும் முறை

சாப்பாட்டு மேஜை மேல் விரிக்கும் ரோல் பிளாஸ்டிக் தாள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் தட்டும் அப்படியே. வாழை இலை இருக்க அது எதற்கு?

பண்டிகைக்கு முந்தைய நாள் இலை விலை ஏறிவிடும். இரண்டு நாள் முன்பே வாங்கி, சுருட்டி ஈர துணியில் சுற்றி நிழலில் வைத்தால் வாடாது. பெரியவர்களுக்கு நுனி இலை, பிள்ளைகளுக்கு சின்ன ஏடு போதும்.

மேஜையானாலும் தரையில் பாய் ஆனாலும், இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கை பக்கம் வர வேண்டும். உப்பு, ஊறுகாய் மேல் பாதியில் இடது ஓரம். கூட்டு, பொரியல் எல்லாம் மேல் பாதியில். சோறோ, இட்லியும் கறி குழம்புமோ கீழ் பாதியில். வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், ஆனால் நுனியை மட்டும் மாற்றி போட்டால் மாமியார் வீட்டில் யாராவது ஒருவர் கண்டிப்பாக சொல்லிக் காட்டுவார்.

சாப்பிட்டு முடித்ததும் இலையை தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில்தான். புது மாப்பிள்ளைகளுக்கு இதை யாராவது முன்கூட்டியே காதில் போட்டுவிடுவது நல்லது.

பட்டாசு கிப்ட் பாக்ஸ் எடுத்து செல்வோர் கவனத்துக்கு

எவ்வளவு அழகாக சுற்றினாலும் பட்டாசு பட்டாசுதான். ரெயிலில் கொண்டு போனால் ரெயில்வே சட்டப்படி சிறை தண்டனை வரை உண்டு. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கு கொடுக்க நினைத்தால் பணத்தை அனுப்பி அங்கேயே வாங்க சொல்லுங்கள்.

பண்டிகை முடிந்ததும் பெட்டி, தாள், இலை, பட்டாசு குப்பை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக கட்டி தெருவில் வைத்துவிடாதீர்கள். சென்னையில் பட்டாசு குப்பையை மாநகராட்சி தனியாக சேகரித்து கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறது. அதில் வெடிக்காத சரமும் கிடக்கும். கையால் பிரிப்பது தூய்மை பணியாளர்கள்தான். இலையை ஈர குப்பையிலும், அட்டையையும் தாளையும் உலர் குப்பையிலும், பட்டாசு குப்பையை தனி சாக்கிலும் கொடுத்தால் அவர்களுக்கு வேலை பாதியாக குறையும்.

பக்கத்து வீட்டில் இருந்து பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பி கொடுக்க வேண்டாம். வேறு ஒன்றும் இல்லை என்றால் ஒரு பிடி சர்க்கரை போட்டு கொடுங்கள். ரம்ஜானுக்கு பிரியாணியும் கிறிஸ்துமசுக்கு கேக்கும் அதே தட்டில்தான் வரப்போகிறது.