கவுந்த பஸ்ஸும் பெரியப்பாவோட டிராக்டரும்

போன வாரம் பெங்களூர்லேர்ந்து ஒரு தம்பி நம்ம தோட்டத்துக்கு வந்திருந்தார். வர்ற வழியில பைக் ஒண்ணு அடிபட்டுக் கெடந்துச்சாம். "நிறுத்தலாம்னுதான் பாத்தேன் அண்ணா. அப்புறம் போலீசு, கேசுன்னு யாரு அலையறதுன்னு வந்துட்டேன்" என்றார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டுகிற தகுதி எனக்குக் கிடையாது. ஏன் என்று இந்தப் பதிவில் சொல்கிறேன்.

எங்க ஊர் நல்லம்பள்ளி பக்கம். தெற்கே கொஞ்ச தூரம் போனா தொப்பூர் கணவாய். காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரி போற ரோடு, இப்ப என்.எச். 44, அப்ப என்.எச். 7. சேலம் பக்கம் இறங்குகிற சரிவில் பிரேக் நிக்காமல் போகிற லாரிகள் வாங்கிய உயிருக்குக் கணக்கே இல்லை. 2020 டிசம்பர் 12 அன்று ஒரு சிமெண்ட் லாரி, முன்னால் நின்றிருந்த ஒரு டஜனுக்கு மேற்பட்ட வண்டிகள் மேல் ஏறி 4 பேர் செத்தார்கள். ரயிலுக்கும் இந்த மலைதான் வழி. 2021 நவம்பர் 12 விடியற்காலை, தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் முத்தம்பட்டி கிட்ட மழையில் பாறை சரிந்து கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. உள்ளே 2,300 பேருக்கு மேல். ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் தப்பியது பெரும் புண்ணியம்.

நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் ரொம்ப முந்தின கதை. 1993. எனக்கு இருபத்தி சொச்சம் வயசு. கடலைக்காய் பிடுங்குகிற நேரம். சாயங்காலம் 5 மணி இருக்கும், சேலத்திலிருந்து தர்மபுரி போன பஸ் ஒண்ணு ரோட்டை விட்டு எறங்கி எங்க காட்டோரப் பள்ளத்துல ஒருக்களிச்சுக் கவுந்துருச்சு. சத்தம் கேட்டதும் கடலைச் செடியை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். வாசல் பக்கம் மண்ணுக்குள்ள. உள்ளே ஒரே கூப்பாடு. எங்க பெரியப்பா ஒருத்தர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "என்னடா வேடிக்கை பாக்கறீங்க, கடப்பாரை எடுத்தாங்கடா!"

பின்கண்ணாடியை உடைச்சோம். ஒல்லியான பையன்கள் உள்ளே இறங்க, மத்தவங்க வெளியே நின்னு ஒவ்வொருத்தரா வாங்கினோம். பொம்பளைங்க சேலையைக் கிழிச்சுக் கட்டுப் போட்டாங்க. கயித்துக் கட்டில்தான் ஸ்ட்ரெச்சர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்க ஊரில் அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் டீக்கடையில் தனித்தனி டம்ளர் இருந்த காலம் அது. அன்னைக்கு ரெண்டு தெரு ஆளும் ஒரே கட்டிலைத் தூக்கினாங்க. ஒரே குடத்துத் தண்ணியை அடிபட்டவங்க வாயில ஊத்தினாங்க. யார் வீட்டுக் குடம்னு யாரும் கேக்கலை. (மறுநாள் டீக்கடையில் பழையபடி தனி டம்ளர்தான். அதையும் மறைக்க விரும்பவில்லை.)

பெரியப்பா டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, 11 பேரைப் படுக்க வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். 11 பேரும் பிழைச்சாங்க.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பேரு, ஊரு, அப்பன் பேரு எழுதிக்கொண்டார்கள். அப்புறம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அப்புறம் சாட்சி சம்மன். மூணு வருஷத்தில் ஏழெட்டு வாய்தா. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை கெட்டு, பஸ் சார்ஜ் போட்டு, கோர்ட் வாசலில் உட்கார்ந்து, "தள்ளி வச்சாச்சு" என்று கேட்டுத் திரும்பி வருவார். காப்பாத்துனவருக்குக் குத்தவாளி மாதிரி நடை.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்துக்குப் பக்கத்தில் ராத்திரி ஒரு பையன் லாரியில் அடிபட்டுக் கெடந்தான். நாங்க ஓடினோம். டிராக்டர் கேட்டுப் பெரியப்பா வீட்டுக் கதவைத் தட்டினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "டீசல் இல்லடா" என்றார். டீசல் இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் வற்புறுத்தலை. "நீ கொண்டுபோனா உன் பேரைத்தான் எழுதுவான்" என்று பக்கத்தில் ஒருத்தர் சொன்னதும் எனக்கும் காலு பின்னால போச்சு. ஒரு லாரிக்காரர் நிறுத்தி அவனை ஏத்திக்கிட்டுப் போகும்போது முக்கால் மணி நேரம் ஆயிருச்சு. வழியிலேயே முடிஞ்சுருச்சுன்னு காலையில் சேதி வந்தது.

2000 பிப்ரவரி 2. தர்மபுரிக்காரன் யாரும் மறக்க முடியாத தேதி. இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸைக் கலவரக் கும்பல் கொளுத்தியது. அது விபத்தில்லை, கொலை. பின்னால் இன்னொரு பஸ்ஸில் வந்த மாணவர்கள்தான் ஓடிவந்து ஜன்னலை உடைத்துப் பிள்ளைகளை வெளியே இழுத்தார்கள். 3 மாணவிகளைக் காப்பாற்ற முடியவில்லை. 2010 தீர்ப்பில், சுற்றியிருந்த பொதுமக்களும் அங்கிருந்த போலீசும் காப்பாற்ற முன்வராததை உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு குறிப்பிட்டது. அதைப் பேப்பரில் படித்தபோது எனக்குப் பெரியப்பா வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அங்கே பயம் கும்பலைப் பார்த்து; எங்க ஊரில் பயம் கோர்ட்டைப் பார்த்து. எதுவானாலும் ஆளு தள்ளி நின்னுருவான்.

இந்தப் பயத்தைப் போக்க நாடு எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமில்லை. ஸ்கூட்டரில் அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரி சேர்க்காமல், போலீஸ் கேஸ் பார்க்க அனுமதி உள்ள இடத்துக்குப் போ என்று 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்ப, வழியிலேயே அவர் இறந்துபோனார். அந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் போட்ட வழக்கில், 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசோ தனியாரோ, எந்த டாக்டரும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், மத்ததெல்லாம் பிறகு. ஆக எங்க ஊர் பஸ் கவுந்தப்பவே டாக்டருக்குச் சட்டம் வந்துவிட்டது. தூக்கிட்டுப் போறவனுக்குத்தான் வரவில்லை.

அதற்கு இன்னும் 27 வருஷம். டெல்லியில் தன் சொந்தக்காரப் பையன் ரோட்டில் உதவியின்றிச் செத்ததைத் தாங்க முடியாமல் பியூஷ் திவாரி தொடங்கிய சேவ் லைஃப் பவுண்டேஷன் வழக்குப் போட்டது. 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சாராம்சம் இதுதான்: அடிபட்டவரைச் சேர்த்துவிட்டு நீங்கள் உடனே கிளம்பலாம். பேர், விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்களிடம் பணம் கட்டச் சொல்லக் கூடாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். நல்ல மனசோடு செய்த உதவிக்காக உங்கள் மேல் வழக்கு வராது. செலவுக்கும் வழி உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்கான முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசே ஏற்கிறது, அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும்.

ஜனங்க மாறிட்டாங்கன்னு சொல்றவங்களை நான் நம்பறதில்லை. 2023 ஜூன் 2 ராத்திரி ஒடிசா பஹனாகாவில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது முதலில் ஓடியது சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள். பாலசோர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க ராத்திரியிலேயே இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். 2024 அக்டோபர் 11-ல் நம்ம கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் கூட்ஸ் வண்டியில் மோதியபோதும் அப்படித்தான். பாஷை தெரியாத பயணிகளை ஊர் சனம் இறக்கிவிட்டது. ஓடுற காலு எப்பவும் ஓடத்தான் செய்யுது. அதுல யாரும் கட்டுப் போடாம இருந்தாப் போதும்.

பெரியப்பா இப்ப இல்லை. இந்தச் சட்டம் வந்தபிறகுதான் போய்ச் சேர்ந்தார். பேப்பரில் வந்ததை நான் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இத முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பையன ஏத்தியிருப்பேனேடா" என்றார். இருபது வருஷத்துக்கு மேல் அவரும் அதையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

பெங்களூர் தம்பிகிட்டயும் இதையேதான் சொன்னேன். அடுத்த தடவை வண்டியை நிறுத்துங்க. 108-க்கு போன் போடுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. பேரு கேட்டா, சொல்ல விருப்பமில்லைன்னு சொல்லிட்டு வாங்க.

சரிங்க, மூணு ஃபேஸ் கரண்ட் வந்துருச்சு. தக்காளிக்குத் தண்ணி கட்டணும். அடுத்த பதிவில் பார்ப்போம்.