சிற்றூர்களைக் காத்த நாணல் படுகைகள்

புத்ராஜெயா ஈரநிலப் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பவர்கள், அங்கு வளர்ந்து நிற்கும் நாணலும் கோரையும் அழகுக்காக நடப்பட்டவை என்றுதான் எண்ணுவார்கள். உண்மையில் அவை வேலை செய்யும் செடிகள். ஏரிக்கு வரும் நீரை முன்கூட்டியே சுத்தப்படுத்துவதற்காக 1998இல் அமைத்து முடிக்கப்பட்ட ஈரநிலம் அது. இப்படிச் செடிகளைக் கொண்டு நீரைச் சுத்தப்படுத்தும் முறை, ஐரோப்பியச் சிற்றூர்களின் வீட்டுக் கழிவுநீரில்தான் கடும் சோதனைக்கு உள்ளானது.

நகரங்களுக்கு வழி முன்பே பிறந்துவிட்டது. காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்துக் கழிவை உண்ணச் செய்யும் முறை, 1914இல் மான்செஸ்டரில் அறிமுகமானது. அதற்கு மின்சாரம் வேண்டும். பொழுதெல்லாம் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். முந்நூறு பேர் வாழும் ஊர் அதற்கு எங்கே போகும்?

1950களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த கேத்தே சைடல் என்ற பெண் அறிவியலாளர் கோரைச் செடிகளை ஆராயத் தொடங்கினார். பீனால் கலந்த நீரிலும் கோரை பிழைத்து, அந்த நச்சைக் குறைப்பதை அவர் கண்டார். பிறகு வீட்டுக் கழிவுநீரிலும் சோதித்தார். பொறியியலாளர்கள் பலர் நம்பவில்லை. புல்லாவது, சாக்கடையைச் சுத்தம் செய்வதாவது என்பதே அவர்கள் எண்ணம்.

1960களில் அவருடன் இணைந்து பணியாற்றிய ரைன்ஹோல்ட் கிக்குத், சில ஆண்டுகளில் பிரிந்து தனிவழி கண்டார். அவருடைய முறைப்படி 1974இல் ஓத்ஃபிரேசன் என்ற ஊரில் களிமண் படுகையில் நாணல் நடப்பட்டு, ஊர்க் கழிவுநீர் விடப்பட்டது. களிமண்ணில் நீர் எளிதில் இறங்காது; நெல் வயலில் நீர் தேங்கி நிற்பதே அதனால்தான். ஆனால் நாணல் வேர்கள் சில ஆண்டுகளில் அந்த மண்ணைத் துளைத்து, நீர் தாராளமாக ஊடுருவ வழி செய்யும் என்றார் கிக்குத்.

செலவு குறைவு, இயந்திரம் இல்லை என்பதால் டென்மார்க்கின் சிற்றூர்கள் 1980களில் இதை ஆவலுடன் ஏற்றன. வேர்கள் வளர்ந்தன, மண் மட்டும் திறக்கவில்லை. கழிவுநீர் உள்ளே இறங்காமல் மேலாகவே வழிந்தோடியது. மிதக்கும் அழுக்கு ஓரளவு நன்றாகவே குறைந்தது, ஆனால் அம்மோனியா போகவில்லை. அதற்கு வேண்டிய காற்று படுகைக்குள் போதவில்லை. வேரின் ஆற்றலை மிகையாக மதிப்பிட்டதன் விளைவை ஊர்மக்கள் சுமக்க நேர்ந்தது.

1985 வாக்கில் ஜெர்மானியப் படுகைகளைப் பார்த்து வந்த இங்கிலாந்துப் பொறியியலாளர்கள், நாணலை வைத்துக்கொண்டு மண்ணை மாற்றினார்கள். சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சரளைக்கல் நிரப்பினார்கள். நீர் தடையின்றி ஓடியது. கற்களில் படிந்த நுண்ணுயிர்களே பெரும்பகுதி வேலையைச் செய்தன. பிற முறைகளில் சுத்தமான நீரைக் கடைசியாக வடிகட்ட, நூற்றுக்கணக்கான ஊர்களில் இவை பயன்பட்டன.

பிரான்சு இன்னும் துணிந்தது. சைடல் முன்பே காட்டிய வழியில், நீரை மேலிருந்து கீழாக இறக்கும் படுகைகளை அது எடுத்துக்கொண்டது. குப்பையை மட்டும் சலித்துவிட்டு, கழிவுநீரை அப்படியே நாணல் மேல் பாய்ச்சினார்கள். மூன்று படுகைகள், ஒன்றுக்கு மூன்று நான்கு நாள் பாய்ச்சல், பிறகு ஒரு வாரம் ஓய்வு. அந்த ஓய்வில் காற்று உள்ளே புகுவதால் அம்மோனியாவும் குறைந்தது. ஆளுக்கு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் இடம் போதுமானதாக இருந்தது. காற்றில் நாணல் தண்டுகள் ஆடுவதால் மேலே படியும் சேறு பிளந்து, துளைகள் அடைபடாமல் இருந்தன. கிக்குத் வேரிடம் எதிர்பார்த்ததைத் தண்டு செய்து கொடுத்தது என்றுகூடச் சொல்லலாம்.

இன்று ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சிற்றூர்களில் இந்தப் படுகைகள் உள்ளன. சேற்றைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வழித்தெடுத்தால் போதும். அடியில் தங்கிய கிழங்கிலிருந்து நாணல் மீண்டும் தானாகவே முளைத்துவிடுகிறது.