பொலிசை

வட்டி என்ற பொருளில் சோழர் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் புழங்கும் பழஞ்சொல். வேர் 'பொலி': பெருகு, செழி. களத்தில் நெல் தூற்றும்போது 'பொலி, பொலி' என்று கூவுவதும், பசுவுக்கு விடும் காளையைப் பொலிகாளை என்பதும் இதே வேரில்தான்.

காஞ்சிபுரத்துக்கு இச்சொல் நெருக்கம். உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டு (காஞ்சிபுரத்து) ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், கணக்கு அது. கோயில் பொன் பெட்டியில் தூங்கவில்லை. நகரத்துச் சேரிகளில் இருந்தவர்களிடம் முதலாகக் கொடுத்தார்கள். பொலிசை கோயில் செலவுக்கு வந்தது. (சேரி என்றால் அன்று குடியிருப்பு, அவ்வளவுதான்.) கோயில் காரியத்தைக் கவனித்தவர்களில் பட்டசாலிகள் என்ற நெசவாளர்களும் உண்டு.

முதலாகப் பொன்னுக்குப் பதில் ஆடும் இருக்கலாம். அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குப் பல கல்வெட்டுகளில் 96 ஆடுகள். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆடு சாகத்தான் செய்யும். குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை ஈடுகட்டுவது இடையர் பொறுப்பு, நெய் விளக்குக்கு.

இன்று பங்குச்சந்தைக்குப் புதியவர்கள் ஈவுத்தொகையும் பொலிசை போலத் தவறாமல் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். கடன்பத்திரத்துக்குத்தான் அது பொருந்தும். நிறுவனம் அறிவித்தால்தான் ஈவு உண்டு. பங்கு விலை இறங்கினால் முதலே கரையும், ஈடுகட்ட இடையர் யாரும் இல்லை.

தமிழில் 'வட்டி' இந்தச் சொல்லை ஓரங்கட்டிவிட்டது. மலையாளத்தில் வட்டிக்கு இன்றும் 'பலிச' என்றே பெயர்.