சத்திரத்துக்குப் படியளந்த காடு

மீமிசலை அடுத்த முத்துக்குடாவின் அலையாத்திக் காட்டைச் சுற்றுலாத் தலமாக்கும் வேலை தொடங்கப்பட்டிருக்கிறது. தங்க வருகிறவர்கள் கொடுக்கும் பணத்திலேயே காட்டைக் காக்கலாம் என்று சூழல் விடுதி நடத்துகிறவர்கள் உலகெங்கும் சொல்கிறார்கள். ஆனால் தங்குமிடத்தையும் காட்டையும் ஒரே கணக்கில் வைத்த வழக்கம் இந்தக் கரைக்குப் பழையது. 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை, இந்தக் கரை அடங்கிய அறந்தாங்கி வட்டாரம் தஞ்சாவூரோடுதான் இருந்தது. ராமேசுவரம் போகும் யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கடலோர வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். வந்தவர்களுக்குச் சோறும் படுக்க இடமும், நோயாளிக்கு மருந்தும், பிள்ளைகளுக்குப் படிப்பும் அங்கே கிடைத்தன. அந்தத் தருமத்தில் கை வைக்க வேண்டாமென்று இரண்டாம் சரபோஜி 1801-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் ரெசிடெண்டுக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். வடக்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே சத்திர நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1937-ல் வனத்துறைக்குப் போவதற்கு முந்தைய ஆண்டுகளில்கூட, காட்டுப் பொருள் விற்ற வருமானத்தில் பாதி சத்திரக் கணக்கில்தான் சேர்ந்தது.

ஆக, காட்டுக்கு விடுதி படியளக்கவில்லை; விடுதிக்குக் காடு படியளந்தது. காட்டை வருமானமாகப் பார்க்கும் அந்தக் கணக்கு அரசு நிர்வாகத்திலும் மாறவில்லை. பகுதி பகுதியாக மரத்தை அடியோடு வெட்டி விற்றார்கள். வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும் என்று நம்பினார்கள். அலையாத்தி அப்படிப்பட்டதல்ல. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுகிறது; ஈரம் வற்றி மண் அமுங்கி, தரை தொட்டிபோல் குழிகிறது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கிக் காய, உப்பு கூடிக்கொண்டே போகிறது. பிறகு அங்கே விதை விழுந்தாலும் பிழைக்காது. இதைக் கண்டறிந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தது. அதன்பிறகே நட்ட கன்றுகள் நின்றன.

சத்திரம் தருமம், இன்றைய விடுதி வியாபாரம், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிடத்தான் வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போட்ட நல்ல நோக்கத்தாலேயே காட்டைக் காக்க முடியவில்லை என்றால், லாப நோக்கத்தை நம்பி விட்டுவிட முடியாது. சத்திரச் சொத்தாக இருந்ததால்தானே அந்தக் காடு வயலாகாமல் தப்பியது என்பாரும் உண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஓர் உடைமையாளர் இருப்பது காட்டுக்கு அரண்தான். ஆனால் எல்லை காப்பது வேறு, வேரைக் காப்பது வேறு. விடுதியும் வேண்டாம், காட்டைப் பூட்டிவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. இந்தக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக 2022-ல் அரசு அறிவித்தது. அறிவிப்போடு வேலை முடியாது. காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அதைப் பயணிகளிடம் வாங்குவதில் தவறில்லை. முத்துக்குடாவில் விடுதி எழும்பினால், அதன் வரவில் முதல் செலவாக எது எழுதப்படுகிறது என்பதை மீமிசல் மக்கள் கேட்க வேண்டும். முத்துப்பேட்டையில் வெட்டியதுபோன்ற மீன்முள் வாய்க்கால்களும் தூர்ந்துபோகும். அவற்றைத் தூர்வாரும் கூலி கட்டடச் செலவும் விளம்பரச் செலவும் போக மிஞ்சிய காசிலிருந்து வருமென்றால், பழைய கணக்கே தொடர்கிறது.