கணினித் திரையில் கண்ணாடி: நிஜம்போல் காட்டுவது எப்படி?

தமிழில் கண்ணாடி என்பது ஒரே சொல். முகம் பார்ப்பதும் அதுதான், ஜன்னலில் பொருத்துவதும் அதுதான், மூக்கின்மேல் மாட்டுவதும் அதுதான். கணினி வரைகலையில் இவை ஒன்றல்ல. ஜொகூர்பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் பதித்த சில்லுகள் ஒளியைத் திருப்பியனுப்பி மின்னுகின்றன. ஜோர்ஜ்டவுன் லெபோ லெய்த்தில் உள்ள நீல மாளிகையின் வண்ண ஜன்னல்களோ ஒளியை உள்ளே விட்டு நிறம் ஏற்றுகின்றன. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே சொல்வது இரண்டாவது வகையைப் பற்றி.

திருமண வீடியோவின் தொடக்கத்திலோ, தைப்பூச வாழ்த்திலோ, கடை விளம்பரத்திலோ பெயரைக் கண்ணாடி எழுத்தில் காட்ட நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்வது எழுத்தின் அடர்த்தியைப் பாதியாகக் குறைப்பதுதான். கிடைப்பது பிளாஸ்டிக் தாள். ஏனென்றால், கண்ணாடிக்கு எனத் தனித் தோற்றம் கிடையாது. பின்னால் இருப்பதை அது வளைத்துக் காட்டும், எதிரே இருப்பதை ஓரத்தில் பிரதிபலிக்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் அங்கே கண்ணாடி இருப்பதையே கண் கண்டுபிடிக்கிறது.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5, வைரத்துக்கு 2.42. நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் ஒரு பரப்பிலிருந்து சுமார் 4 விழுக்காடு ஒளிதான் திரும்பும். சாய்ந்து பார்க்கப் பார்க்க அது கூடிக்கொண்டே போகும். அதனால்தான் குவளையின் நடுப்பகுதி தெளிவாகவும் விளிம்பு பளபளப்பாகவும் தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியின் வெட்டுமுனை பச்சையாகத் தெரிவது அதில் கலந்துள்ள இரும்பால். எழுத்தின் ஓரத்தில் துளி பச்சை சேர்த்தால் தோற்றம் உடனே மாறும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எளிய வழி ஒன்று உண்டு. பின்னணிப் படத்தை ஒரு நகல் எடுத்து மேலே வைக்கவும். அந்த நகலுக்கு ‘சிசி கிளாஸ்’ எஃபெக்டைப் போட்டு, ‘பம்ப் மேப்’ என்ற இடத்தில் எழுத்து லேயரைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு அதே எழுத்தை டிராக் மேட்டாக வைத்தால், எழுத்தின் வடிவத்துக்குள் மட்டும் பின்னணி வளைந்து தெரியும். ‘சாஃப்ட்னஸ்’ விளிம்பின் சரிவை மென்மையாக்கும், ‘டிஸ்பிளேஸ்மென்ட்’ வளைவின் அளவைக் கூட்டிக் குறைக்கும். அளவு மீறினால் கண்ணாடி போய் ஜெல்லி ஆகிவிடும். மேலே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, கீழே மங்கிய நிழல் ஒன்று. அவ்வளவே போதும்.

பின்னணி வெறும் ஒரே நிறமாக இருந்தால் இத்தனை வேலையும் வீண். வளைவதற்கு அங்கே எதுவும் இல்லையே! லிட்டல் இந்தியாவின் பூமாலைக் கடையோ, இரவு விளக்குகளோ பின்னால் இருக்கட்டும்.

எழுத்து சுழல வேண்டும், கேமரா சுற்றி வர வேண்டும் என்றால் முப்பரிமாணமே சரி. பிளெண்டர் இலவச மென்பொருள். அதில் ‘டிரான்ஸ்மிஷன்’ 1, ‘ரஃப்னஸ்’ 0, ‘ஐஓஆர்’ 1.5 என்று வைத்து, சைக்கிள்ஸில் ரெண்டர் செய்யலாம். ரஃப்னஸைச் சற்று ஏற்றினால் குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடி வரும். சுற்றுச்சூழலுக்கு ஓர் எச்டிஆர்ஐ படம் அவசியம். இல்லையென்றால் பிரதிபலிக்க ஒன்றுமில்லாமல் எழுத்து உயிரற்றுக் கிடக்கும். ஜன்னல் கண்ணாடி செய்யும்போது தடிமன் கொடுக்க மறக்கக்கூடாது. ஒற்றைப் பரப்பை மென்பொருள் கெட்டியான கட்டியாக எடுத்துக்கொண்டு படத்தைக் கோணலாக்கிவிடும். அடுக்கடுக்கான குவளைகள் உள்ளே கறுத்துத் தெரிந்தால், ஒளி எத்தனை முறை ஊடுருவலாம் என்ற ‘பௌன்ஸ்’ எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

இந்த வழியில் பழைய மடிக்கணினி திணறும், நேரமும் அதிகம் பிடிக்கும். நாளை காலை கொடுக்க வேண்டிய வீடியோவுக்கு முதல் வழியே பாதுகாப்பானது. எந்த வழியானாலும், வேலையைத் தொடங்குமுன் ஒரு வெறும் கண்ணாடிக் குவளையை ஜன்னலோரம் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து, அதைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.