தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுச் சுவரில், முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் நீண்ட கல்வெட்டு ஒன்று, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்களை வீடு வீடாக நிரல்படுத்துகிறது. தளி என்பது கோயில். அதைச் சார்ந்த குடியிருப்பு தளிச்சேரி. அங்கு வாழ்ந்தமையால் இவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்டனர். எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாம் வீட்டில், எந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்தவர் இருந்தார் என்று கல் ஒவ்வொருவராகச் சொல்லிச் செல்கிறது. அரசியரின் பெயர்களை அறியப் பல வழிகள் உண்டு. ஆனால், அரண்மனைக்கு வெளியே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்களின் பெயர்கள் இத்தனை பெருந்தொகையாக ஒரே இடத்தில் கிடைப்பது அரிதினும் அரிது.

இப்பெயர்களுக்கு முன் 'நக்கன்' என்னும் சொல் நிற்கிறது. ஆடையற்றவன் எனப் பொருள்படும் 'நக்ந' என்ற வடசொல்லிலிருந்து வந்த இச்சொல் சிவனைக் குறிக்கும். தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இறைவன் பெயரே நின்று, அப்பெண் அவனுக்கு உரியவள் என்பதைக் காட்டுகிறது என்று கொள்வது பொருந்தும்.

அதனை அடுத்து வரும் இயற்பெயர்களே வியப்புக்குரியவை. தெற்குத் தளிச்சேரியில், திருவையாற்று ஓலோகமாதேவி ஈச்சுரத்திலிருந்து வந்த பெண் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். கூத்தப்பிரான் தூக்கிய திருவடியே, அம்மை என்றோ அழகி என்றோ பெண்பாற்சொல் ஏதும் ஒட்டாமல், அப்படியே ஒரு பெண்ணுக்குப் பெயராகியிருக்கிறது. நாள்தோறும் ஆடும் காலுக்கு உரியவளை இதைவிட நெருக்கமாக அழைக்கும் பெயரை எண்ணிப் பார்ப்பது கடினம். திருவையாறு, மறைக்காடு (இன்றைய வேதாரண்யம்) என ஊர்ப்பெயர்களையே தாங்கிய பெண்களும் இருந்தனர். தேவாரம் பாடப்பெற்ற தலத்தின் பெயரை உச்சரிப்பதே வழிபாடாகக் கருதப்பட்ட சமயச் சூழலில், மகளை 'மறைக்காடு' என்று கூப்பிடுவது இயல்பாகவே இருந்திருக்க வேண்டும். தில்லையழகி என்பதில் ஊரும் அழகும் ஒருங்கே அமைந்துள்ளன.

மற்றொரு பக்கம், போர்க்களத்தின் ஓசை கேட்கும் பெயர்களும் உண்டு: ஒப்பற்ற வீரமுடையவள் எனப் பொருள்தரும் ஏகவீரி, போர்முனையைக் குறிக்கும் 'இரணமுகம்' என்ற சொல்லைக் கொண்ட இரணமுகராமி ஆகியவை அத்தகையன. தேசிச்சி என்ற பெயருடையோர் இருவர் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தமையால் ஒருத்தியைப் பெரிய தேசிச்சி என்று குறித்திருக்கிறார்கள்.

சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்களுள் ஒன்றான இராசகேசரியும் இவ்வரிசையில் ஒரு பெண்ணின் பெயராக இருக்கிறது. அதே சொல் ஒரு முகத்தலளவையின் பெயருமாகும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்காக வகுக்கப்பட்டிருந்தது. அந்நெல்லை இராசகேசரிக்கு இணையான 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பது ஆணை. ஆகவே, இராசகேசரி என்னும் பெண் தன் பங்கைப் பெற்ற நாளில், அவள் பெயரைக் கொண்ட அளவைக்கு ஒத்ததும், அவள் ஆடித் தொழுத இறைவனின் பெயரைத் தாங்கியதுமான மரக்காலே அவள் நெல்லை அளந்தது.