நிலவை வைத்து அளந்தவர்

1941 நவம்பர் 1, மாலை. நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தருகே காரை நிறுத்திய ஆன்சல் ஆடம்ஸுக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. கல்லறைச் சிலுவைகள்மேல் இருந்த கடைசி வெயில் போய்க்கொண்டிருந்தது. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அதை வைத்தே கணக்கிட்டார்: எஃப்/32, ஒரு விநாடி. இன்னொன்று எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. (தேதியை அவர் குறித்துவைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து வானியலாளர்கள்தாம் படத்திலுள்ள நிலவைக் கொண்டு கண்டுபிடித்தார்கள்.)

மானி கிடைத்திருந்தாலும் முடிவு அவருடையதாகவே இருந்திருக்கும். தான் பார்ப்பது நிலவா, மணலா, முகமா என்று மானிக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1983இல் நிக்கான் எஃப்ஏ காட்சியை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்தது. 1996இல் வந்த எஃப்5 நிறத்தையும் பார்த்து, சேமித்துவைத்த முப்பதாயிரம் காட்சிகளின் தரவோடு ஒப்பிட்டது. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் அதன் வாரிசுகள், முகத்தைக்கூடத் தேடிப்பிடிக்கின்றன.

ஆனாலும் ஊகம் ஊகம்தான். கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் படத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும். மாப்பிள்ளையின் கறுத்த முகம் இருட்டில் போய்விடும். அதே முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் வெளிறிப்போகும். நம் ஆல்பங்களில் ஒரே அம்மம்மா ஒரு படத்தில் கரியாகவும் இன்னொன்றில் சுண்ணாம்பாகவும் இருப்பதற்கு அவர் நிறம் காரணமல்ல. சுவருக்காக ஒரு ஸ்டாப் கூட்டியிருக்க வேண்டும், முகத்துக்காகக் கொஞ்சம் குறைத்திருக்க வேண்டும்.